இரண்டாவது தோட்டாவின் பொறுப்பு: வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சனின் வாழ்வும் துப்பாக்கித் தேர்வும்

மாதேஸ்வரன் மலை: புலியின் மீது அமர்ந்த கோலத்தில் மக்கள் வணங்கும் மாதேஸ்வரர் கோயில் கொண்டுள்ள இம்மலைத் தொடரில், 2025ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் இறந்து கிடந்தன. புலி அடித்த மாட்டின் உடலில் நஞ்சு கலக்கப்பட்டதே இந்த இறப்புகளுக்குக் காரணம் என்பது வனத்துறையின் விசாரணையில் தெரியவந்தது. மாட்டை இழந்தவரின் கோபமும் புலியின் பசியும் மோதிக்கொள்ளும் இத்தகைய நிகழ்வுகள் இந்த நிலப்பகுதிக்குப் புதியவை அல்ல.

இதே மோதலை, மலைக்குக் கிழக்கே காவிரியின் மறுகரையில் விரிந்து கிடக்கும் காடுகளில் பல ஆண்டுகள் நேரில் கண்டு எழுதி வைத்தவர் கென்னத் ஆண்டர்சன். ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் சுட்டவர் என்று அறியப்பட்ட அவர், தமது பிற்காலத்தில் துப்பாக்கியை வைத்துவிட்டு ஒளிப்படக் கருவியை ஏந்தியவர். அவர் ஏந்திய துப்பாக்கி எது, அவருடைய காலத்து வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் விரும்பிய துப்பாக்கியிலிருந்து அது எவ்வாறு வேறுபட்டது, அந்தத் தேர்வில் அடங்கியிருந்த பொறுப்பு என்ன என்பவை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய கேள்விகளாகும்.

பிறப்பும் பணியும்

ஆறு தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்த ஸ்காட்லாந்து வழிவந்த குடும்பம் ஒன்றில், 1910ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி, செகந்திராபாத்தை ஒட்டிய பொலாரம் என்ற இடத்தில் கென்னத் ஆண்டர்சன் பிறந்தார். தந்தை டக்ளஸ் ஸ்டூவர்ட் ஆண்டர்சன், படையினரின் ஊதியக் கணக்குகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் கண்காணிப்பாளராகப் பணியாற்றியவர்.

பெங்களூரின் பிஷப் காட்டன் ஆண்கள் பள்ளியிலும் புனித ஜோசப் கல்லூரியிலும் கென்னத் கல்வி பயின்றார். சட்டம் படிப்பதற்காக எடின்பரோவுக்கு அனுப்பப்பட்ட அவர், படிப்பை முடிக்காமலேயே இந்தியா திரும்பினார். அஞ்சல் தந்தித் துறையில் சுமார் 15 ஆண்டுகள் பணியாற்றிய பின்னர், பெங்களூரில் அமைந்திருந்த விமானத் தொழிற்சாலையில் திட்டப் பிரிவு மேலாளராகப் பொறுப்பு வகித்தார். அந்தத் தொழிற்சாலையே இன்றைய ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம்.

வார நாட்களில் அலுவலகம், விடுமுறை நாட்களில் காடு என்பதே அவருடைய வாழ்க்கை முறையாக இருந்தது. தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசியதால் காட்டோர மக்களிடம் இடைத்தரகர் இன்றி உரையாட அவரால் முடிந்தது. மாடு மேய்ப்பவர், தேன் எடுப்பவர், வனக் காவலர், கள்ள வேட்டைக்காரர் என அனைவருடனும் அவர் பழகினார். சின்னாற்றுப் பகுதியில் வாழ்ந்த பூசாரி இனத்தைச் சேர்ந்த பைரன் என்பவரைத் தமக்குக் காட்டைக் கற்பித்தவராகவே தமது நூல்களில் அவர் சித்திரித்துள்ளார்.

காவிரியின் இரு கரைகள்

ஆண்டர்சன் அதிகம் சுற்றிய காடுகள் அன்றைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியில் இருந்தன. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த இக்காடுகள் இன்று கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்குள் அடங்குகின்றன. ஒகேனக்கல்லில் நின்று மேற்கே பார்த்தால் ஆற்றுக்கு அப்பால் தெரிபவை மாதேஸ்வரன் மலையைச் சேர்ந்த காடுகளே.

இம்மலை அடங்கிய கொள்ளேகால் வட்டம், 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பு வரை சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்துடன் இணைக்கப்பட்டு, 1997இல் சாமராஜநகர் மாவட்டம் உருவானபோது அதன் பகுதியாயிற்று. நிர்வாக எல்லைகள் மாறினாலும், யானைக்கும் புலிக்கும் ஆற்றின் இரு கரைகளும் ஒரே காடாகவே இருந்து வருகின்றன.

இந்த நிலப்பரப்பில் ஆட்கொல்லி விலங்கு ஒன்று தோன்றும்போது ஊர்களின் வாழ்க்கையே நின்றுபோகும். விறகு எடுக்கச் செல்பவர் இல்லை. மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்பவர் இல்லை. பொழுது சாய்ந்ததும் கதவுகள் அடைக்கப்படும். தேன்கனிக்கோட்டை வட்டாரத்தைச் சேர்ந்த கும்மளாபுரம் சிறுத்தை சுமார் 42 பேரைக் கொன்றதாக ஆண்டர்சன் பதிவு செய்துள்ளார். அத்தகைய இடங்களுக்கு அவர் சென்றபோது, ஊரார் எதிர்பார்த்தது வேட்டைக்காரரின் வீரத்தை அல்ல. மறுநாள் காலை அச்சமின்றி வயலுக்குச் செல்லும் உரிமையையே.

1939 முதல் 1966 வரையிலான காலத்தில், அரசுப் பதிவுகளின்படி 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லிப் புலிகளையும் அவர் சுட்டார். மதம் கொண்டு மனிதரைத் தாக்கிய சில யானைகளும் அவரால் வீழ்த்தப்பட்டன.

துப்பாக்கியின் இதயம்

ஒரு ரைஃபிளின் குழல், கட்டை, குறிபார்க்கும் அமைப்பு ஆகியவற்றைப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தோட்டாவை அறைக்குள் செலுத்தி, பூட்டி, வெடித்த பின் வெற்று உறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றும் பொறியமைப்பே துப்பாக்கியின் இதயம். ஆக்சன் என்று அழைக்கப்படும் அதைத் தேர்ந்தெடுத்த பின்னரே, துப்பாக்கியைத் தம் தேவைக்கேற்பச் செய்வித்துக்கொள்பவர் மற்ற பாகங்களைப் பற்றி எண்ண முடியும்.

ஆண்டர்சன் வேட்டையைத் தொடங்கிய காலத்தில் இந்தியக் காடுகளுக்கு நான்கு வழிகள் இருந்தன. முதலாவது, ஆங்கிலேயத் துப்பாக்கித் தொழிலாளர்கள் கையால் இழைத்துச் செய்த இரட்டைக்குழல் ரைஃபிள். அதில் இரண்டு குழல்களும் இரண்டு தனித்தனி விசையமைப்புகளும் இருந்ததால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று வெடிக்கும். ஆனால் அதன் விலை சாதாரண அலுவலருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

இரண்டாவது, ஜெர்மனியின் ஓபெர்ண்டார்ப் நகரில் பால் மௌசர் உருவாக்கிய போல்ட் ஆக்சன். கதவின் தாழ்ப்பாளைத் தூக்கி இழுப்பதுபோல, கைப்பிடியை மேலே திருப்பிப் பின்னால் இழுத்து, முன்னே தள்ளிக் கீழே திருப்பிப் பூட்டும் முறை இது. ஜெர்மானியப் படை 1898இல் ஏற்றுக்கொண்ட மாதிரி, இன்றளவும் வேட்டைத் துப்பாக்கிகளின் அடிப்படையாக விளங்குகிறது.

மூன்றாவது, பிரிட்டிஷ் படையின் லீ என்ஃபீல்ட் போல்ட் ஆக்சன். அதன் பூட்டுமுனைகள் தாழ்ப்பாளின் பின்பகுதியில் அமைந்திருந்தன. இயக்கத்தில் அது மிக விரைவானது. எனினும் படையினர் பயன்படுத்திய .303 தோட்டா பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்தது. அதனால், இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை அதே ஆக்சனைக் கொண்டு .315 அளவுள்ள வேட்டை ரைஃபிளை உருவாக்கியது. உரிமம் பெற்ற இந்தியர் பலருக்கு முதல் ரைஃபிளாக அமைந்தது அதுவே.

நான்காவது, அமெரிக்காவிலிருந்து வந்த லீவர் ஆக்சன். விசைக் காப்பு வளையத்தோடு இணைந்த நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் தோட்டா மாறும். ஆண்டர்சனின் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட .405 வின்செஸ்டர் 1895 மாதிரி இந்த நான்காவது வகையைச் சேர்ந்தது.

மௌசர் ஏன் விரும்பப்பட்டது

சொந்தத் தேவைக்கேற்பத் துப்பாக்கி செய்வித்துக்கொண்டவர்களில் பெரும்பாலானோர் மௌசர் ஆக்சனையே நாடினர். அதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு.

தாழ்ப்பாளின் முன்முனையில் உள்ள இரண்டு பூட்டுமுனைகள் வெடிப்பின் அழுத்தத்தை அறைக்கு மிக அருகிலேயே தாங்குகின்றன. பின்பகுதியில் உள்ள மூன்றாவது முனை கூடுதல் காப்பு. வெடிப்பில் உறை கிழிந்தால் கசியும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வராமல் வெளியேற வழிகள் அமைக்கப்பட்டுள்ளன.

இவை அனைத்தையும்விட வேட்டைக்காரர்கள் மதித்தது அதன் நீண்ட கொக்கியை. தோட்டா பெட்டகத்திலிருந்து மேலெழும்போதே அதன் அடிவிளிம்பை இந்தக் கொக்கி பற்றிக்கொள்கிறது. வெற்று உறையாக வெளியேறும் வரை அது விடுவதில்லை. பதற்றத்தில் தாழ்ப்பாளைப் பாதி தள்ளி மீண்டும் இழுத்துவிட்டாலும், இரண்டு தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும் விபத்து நேராது. துப்பாக்கி எந்தக் கோணத்தில் இருந்தாலும் தோட்டா நழுவுவதில்லை.

வெப்ப நாடுகளில் மற்றொரு பயனும் இருந்தது. அக்காலத்துக் கார்டைட் வெடிமருந்து, வெயிலில் சூடேறினால் கூடுதல் அழுத்தத்தை உண்டாக்கியது. உறை வீங்கி அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்வது அதனால் நேர்ந்த இடர். ஆங்கிலேயத் தயாரிப்பாளர்கள் வெப்ப நாடுகளுக்கெனக் குறைந்த மருந்திட்ட தோட்டாக்களைத் தனியே விற்றதற்குக் காரணம் இதுவே. போல்ட் கைப்பிடியை மேலே திருப்பும் அசைவு, திருகின் வலிமையோடு அத்தகைய உறையைத் தளர்த்திவிடும். லீவர் ஆக்சனில் அந்த அளவுக்கு விசை கிடைப்பதில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் மௌசருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, அதன் ஆக்சன்களைப் பெற்று, தன் குழலும் கட்டையும் பொருத்தி வேட்டைத் துப்பாக்கிகளாக விற்றது. யானை, காட்டெருது போன்ற பெருவிலங்குகளுக்கென 1911இல் அந்நிறுவனம் .416 தோட்டாவை அறிமுகப்படுத்தியபோது, அதன் நீளத்துக்கு ஏற்ப நீட்டிக்கப்பட்ட மௌசர் ஆக்சன் தேவைப்பட்டது. தோட்டாவின் நீளமே ஆக்சனின் நீளத்தை முடிவு செய்கிறது என்ற விதி இன்றும் மாறவில்லை.

இந்தக் கூட்டு முயற்சியில் பிறந்த துப்பாக்கிகளுள் இந்தியாவில் மிகவும் புகழ்பெற்றது ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி. 436 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் சம்பாவத் பெண்புலியை 1907இல் சுட்டதற்காக, ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹெவெட் அவருக்கு அதைப் பரிசளித்தார். ருத்ரபிரயாகை சிறுத்தையை 1926ஆம் ஆண்டு மே மாதம் கார்பெட் வீழ்த்தியது இத்துப்பாக்கியால்தான். ஆயினும், பாய்ந்து வரும் புலியை எதிர்கொள்ள வேண்டிய இடங்களுக்கென .450/400 இரட்டைக்குழல் ரைஃபிள் ஒன்றையும் அவர் வைத்திருந்தார். எந்த ஒரு ஆக்சனும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதைக் கார்பெட்டின் இந்த ஏற்பாடே காட்டுகிறது.

ஆண்டர்சனின் வின்செஸ்டர்

ஆண்டர்சனின் வழி வேறாக இருந்தது. புகழ்பெற்ற துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1895 மாதிரி, அதற்கு முந்தைய லீவர் துப்பாக்கிகளிலிருந்து ஒரு முக்கிய வகையில் மாறுபட்டது. முந்தையவற்றில் தோட்டாக்கள் குழலின் அடியில் இருந்த நீண்ட குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கூர்முனைத் தோட்டாக்களை அவ்வாறு அடுக்கினால் ஒன்றின் முனை மற்றொன்றின் வெடிமூடியை இடிக்கும் அபாயம் இருந்தது. 1895 மாதிரியில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டகத்தில் அடுக்கப்பட்டதால் அந்த அபாயம் நீங்கியது.

1904இல் அறிமுகமான .405 தோட்டா, 300 கிரெயின், அதாவது ஏறத்தாழ 19 கிராம் எடையுள்ள குண்டை விநாடிக்கு சுமார் 2,200 அடி வேகத்தில் செலுத்தியது. கார்பெட்டின் .275 ரிக்பியின் குண்டு பொதுவாக 140 கிரெயின் எடை கொண்டது. எடையில் இரு மடங்குக்கு மேலான வேறுபாடு இது. அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்ற துப்பாக்கிகளுள் .405 வின்செஸ்டரும் ஒன்று.

அடர்ந்த புதர்க்காட்டில், பத்துப் பதினைந்து கஜ தொலைவில் விலங்கைச் சந்திக்கும் வேட்டைக்கு இத்தகைய கனத்த குண்டு ஏற்றது. தொலைதூரக் குறி அங்கு தேவைப்படுவதில்லை. மூங்கிலும் உண்ணிச் செடியும் மண்டிய காவிரிக்கரைக் காடுகளில் ஐம்பது கஜத்துக்கு அப்பால் விலங்கு தென்படுவதே அரிது.

லீவர் ஆக்சனின் வசதி அதன் வேகத்தில் இருந்தது. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமல், கண்ணைக் குறியிலிருந்து எடுக்காமல், விரல்கள் நெம்புகோலுக்குள் இருந்தபடியே அடுத்த தோட்டாவை ஏற்ற முடியும். இடக்கைப் பழக்கமுள்ளவருக்கும் வலக்கைப் பழக்கமுள்ளவருக்கும் அது ஒன்றுபோலவே பயன்பட்டது.

குறைகளும் இருந்தன. தரையில் படுத்துச் சுடும்போதோ, பரணின் குறுக்குக் கழிகளுக்கு இடையில் அமர்ந்திருக்கும்போதோ நெம்புகோல் கீழிறங்க இடம் வேண்டும். அதன் பூட்டு தாழ்ப்பாளின் பின்பகுதியில் அமைந்ததால் மௌசர் அளவுக்கு உயர்ந்த அழுத்தத்தைத் தாங்குவதற்கு உரியதன்று. நெம்புகோலை முழுமையாகத் தள்ளாமல் பாதியில் திருப்பினால் சிக்கல் நேரும். உதிரிப் பாகங்கள் அதிகம். தூசியும் ஈரமும் புகுந்தால் காட்டில் பிரித்துத் துடைப்பது எளிதன்று. மௌசரின் தாழ்ப்பாளையோ கருவி எதுவுமின்றிக் கையாலேயே கழற்றிவிடலாம்.

பொறியியல் அளவுகோலில் மட்டும் எடைபோட்டால் மௌசர் முன்னே நிற்கும். ஆனால் இரவு முழுவதும் பரணில் அசையாமல் அமர்ந்து, குழலில் பொருத்திய கைவிளக்கின் ஒளியில் ஒரு கணம் மட்டுமே தெரியும் விலங்கை நோக்கிச் சுட வேண்டியவருக்கு மற்றொரு அளவுகோலும் உண்டு. இருளில், பார்க்காமலேயே, எண்ணாமலேயே கை இயக்கக்கூடிய துப்பாக்கியே அவருக்கு உரியது. பல்லாண்டுகள் ஒரே துப்பாக்கியைப் பயன்படுத்திய ஆண்டர்சனின் கை அந்த நெம்புகோலை அறிந்திருந்தது.

காயம்பட்ட விலங்கு

ஆக்சன் பற்றிய இந்த விவாதம் வெறும் கருவி விருப்பமாகத் தோன்றலாம். ஆனால் ஆண்டர்சனும் கார்பெட்டும் தங்கள் நூல்களில் மீண்டும் மீண்டும் எழுதிய ஓர் உண்மையோடு சேர்த்துப் பார்க்கும்போது அதன் எடை விளங்குகிறது. புலி இயல்பாக மனிதரை உண்பதில்லை. முள்ளம்பன்றியின் முட்களாலோ முதுமையாலோ வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போனவை ஆட்கொல்லிகளாக மாறுவதுண்டு. அதே அளவுக்கு, மனிதர் சுட்டுக் காயப்படுத்திவிட்டுக் கைவிட்ட விலங்குகளும் ஆட்கொல்லிகளாக மாறியுள்ளன.

வயலைக் காக்க நாட்டுத் துப்பாக்கியால் சிறு குண்டுகளைச் சிதறவிட்ட விவசாயி, வண்டியின் விளக்கொளியில் கண்கள் மின்னியதும் குறிபாராமல் சுட்ட பொழுதுபோக்கு வேட்டைக்காரர், முதல் தோட்டா தவறியதும் இரண்டாவதை ஏற்ற முடியாமல் தடுமாறியவர் ஆகிய மூவரும் காட்டில் விட்டுச் செல்வது ஒன்றையே. கால் உடைந்த அல்லது தாடை சிதைந்த அந்த விலங்கு பின்னர் ஓட முடியாத இரையைத் தேடும். விறகு வெட்டச் சென்ற பெண்ணும், மாட்டின் பின்னே நடந்த சிறுவனும் அந்த இரையாவர்.

ஆகவே முதல் தோட்டாவின் துல்லியத்தைப் போலவே, தயங்காமல் ஏறும் இரண்டாவது தோட்டாவும் வேட்டைக்காரரின் கடமையாயிற்று. விலங்கு காயத்துடன் புதருக்குள் மறைந்துவிட்டால் அதைப் பின்தொடர்ந்து சென்று முடிப்பது வேட்டையின் எழுதப்படாத சட்டம். இரத்தத் துளிகளையும் மடங்கிய புல்லையும் பார்த்தபடி காயம்பட்ட புலியைத் தேடி நடப்பதைவிட ஆபத்தான செயல் காட்டில் வேறில்லை. ஆண்டர்சனின் கதைகள் பலவற்றில், வெடியோசையோடு வேட்டை முடிவதில்லை. அதன் பின்னர் விடியும்வரை காத்திருந்து, தடம் பற்றிச் செல்லும் நீண்ட பகுதியே கதையின் பெரும்பாகம்.

தம் தவறுகளையும் அவர் மறைக்கவில்லை. குறி தவறிய இரவுகள், தவறாகக் கணித்த தடங்கள், தாம் தாமதித்ததால் மற்றொரு உயிர் போன நிகழ்வுகள் ஆகியவை அவருடைய நூல்களில் இடம்பெற்றுள்ளன. அவருடைய எழுத்தை வேட்டைப் பெருமிதக் கதைகளிலிருந்து வேறுபடுத்துவது இப்பண்பே.

எழுத்தும் மனமாற்றமும்

1954இல் அவருடைய முதல் வேட்டை நூல் வெளிவந்தது. ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு மதயானையையும் பற்றிய அந்நூலைத் தொடர்ந்து, 1957, 1959, 1961, 1964, 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த நூல்கள் வந்தன. அவர் மறைந்த பின்னர் 1976இல் மற்றொரு நூலும் வெளியானது. ஜவளகிரி, முண்டச்சிப்பள்ளம், சிவனிப்பள்ளி, சீகூர் எனத் தமிழ்நாட்டின் சிற்றூர்ப் பெயர்கள் உலகெங்கும் உள்ள வாசகர்களுக்கு இந்நூல்கள் வழியாகவே அறிமுகமாயின.

நூல்களை வரிசையாகப் படிப்பவருக்கு ஒரு மாற்றம் தெளிவாகத் தெரியும். தொடக்க நூல்களில் ஆட்கொல்லியின் அச்சம் மேலோங்கி நிற்கிறது. பிந்தைய நூல்களிலோ காடு வெறுமையாகி வருவதன் துயரம் மேலோங்குகிறது. வண்டிகளில் வந்து விளக்கடித்துச் சுடுபவர்களையும், இரையின் உடலில் பூச்சிக்கொல்லி நஞ்சைத் தடவிப் புலியைக் கொல்லும் வழக்கத்தையும் அவர் கண்டித்து எழுதினார். ஆயுதம் இன்றித் தனியாகக் காட்டில் இரவைக் கழிப்பதை அவர் விரும்பினார். தென்னிந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்த முன்னோடிகளுள் ஒருவராக அவர் கருதப்படுகிறார்.

நாட்டின் சட்டமும் அதே திசையில் நகர்ந்தது. 1970இல் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. இம்மாற்றங்களைக் கண்ட பின்னர், புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த கென்னத் ஆண்டர்சன் 1974ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி பெங்களூரில் காலமானார். அவருக்கு வயது 64. காட்டின் மீதான அவருடைய பற்றை மகன் டொனால்டு ஆண்டர்சனும் பகிர்ந்துகொண்டார். டொனால்டு 2014இல் மறைந்தார்.

இன்றைய நிலை

ஆண்டர்சன் காலத்தில் மாவட்ட நிர்வாகம் ஆட்கொல்லி என்று அறிவித்தால், உரிமம் பெற்ற எவரும் அதைச் சுட முன்வரலாம். இன்று, உயர் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள புலி மனித உயிருக்கு ஆபத்தானது என்பதைத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்துமூலம் உறுதி செய்தால் மட்டுமே நடவடிக்கை எடுக்க முடியும். அப்போதும் உயிருடன் பிடிப்பதற்கே முன்னுரிமை.

இதற்கு அண்மைக்காலச் சான்று ஆண்டர்சன் நடந்த நிலத்திலேயே உண்டு. சீகூர்க் காட்டை ஒட்டிய மசினகுடி, கூடலூர் பகுதிகளில் நான்கு பேரைக் கொன்றதாகக் கருதப்பட்ட டி-23 என்ற புலி, மூன்று வாரத் தேடலுக்குப் பின் 2021ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டு, மைசூருவில் உள்ள மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. தானியங்கி ஒளிப்படக் கருவிகளும் வளர்ப்பு யானைகளும் பழங்குடித் தடம் காண்போரும் அத்தேடலில் ஈடுபடுத்தப்பட்டனர். கருவி மாறியிருக்கிறது, பைரனைப் போன்ற தடம் காண்போரின் தேவை மாறவில்லை.

துப்பாக்கியைத் தம் தேவைக்கேற்பச் செய்வித்துக்கொள்ளும் கலை, வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஐரோப்பிய, அமெரிக்க, ஆப்பிரிக்க நாடுகளில் இன்றும் தொடர்கிறது. பழைய மௌசர் ஆக்சன்கள் அங்கு தேடி வாங்கப்படுகின்றன. புதிய ஆக்சன்கள் பலவும் அதன் கொக்கியையும் பூட்டுமுனைகளையும் பின்பற்றியே செய்யப்படுகின்றன. தோட்டாவின் நீளத்துக்குப் பொருந்துகிறதா, அறையிலிருந்து உறை தடையின்றி வெளியேறுகிறதா, பதற்றத்திலும் சிக்காமல் இரண்டாவது தோட்டா ஏறுகிறதா, பாதுகாப்புப் பூட்டு கைக்கு எளிதில் அகப்படுகிறதா என்பவையே இன்றும் கேட்கப்படும் கேள்விகள். அழகும் விலையும் அதற்குப் பின்னரே வருகின்றன. காயப்படுத்திய விலங்கைக் கைவிடக் கூடாது என்ற நெறியே இந்த வரிசைக்கு அடிப்படை.

மாதேஸ்வரன் மலையின் காடுகள் 2013இல் 906 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மேற்கே பிலிகிரி ரங்கன் மலைப் புலிகள் காப்பகம், தெற்கே சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், வடகிழக்கே காவிரி வனவிலங்குச் சரணாலயம் ஆகியவற்றோடு இது தொடர்ச்சியான காடாக இணைந்துள்ளது. இங்கு வேட்டைத் துப்பாக்கிக்கு இன்று இடமில்லை. ஆனால் புலி அடித்த மாட்டுக்கான இழப்பீடு உரியவரின் கைக்கு உடனே கிடைக்காத இடத்தில் நஞ்சுப் புட்டி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை 2025ஆம் ஆண்டு நிகழ்வு எச்சரிக்கிறது. குறிபார்க்கவும் வேண்டாத, யாரைக் கொல்கிறது என்று அறியாத அந்த ஆயுதத்தைத் தம் இறுதி ஆண்டுகளில் கண்டித்தவர் கென்னத் ஆண்டர்சன் என்பது குறிப்பிடத்தக்கது.